லிங்க் அனுப்பினால் பாடம் ஆகுமா?

ரிவர்ஸ்டன் மலை உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக இலுக்கும்புறைப் பக்கம் போகும் எவருக்கும் அது தெரியும். பனிமூட்டம் விலகும் நேரத்தில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஆனால் அந்த மலையின் மடிப்புகளுக்குள் இருக்கும் வீடுகள் பலவற்றில், பத்து நிமிடக் காணொளி ஒன்று ஓடி முடிவதற்குள் ஊற்றி வைத்த தேநீர் ஆறிப் போய்விடும். விளக்கடியில் இருட்டு என்று நம் மூத்தவர்கள் சொல்வது இதைத்தான் போலும்.

இதற்கான காரணம் நம் விஞ்ஞானப் பாடநூலிலேயே இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு வரும் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. நடுவில் ஒரு மலைத்தோள் குறுக்கிட்டால் அதற்கு அப்பால் நிழல் விழுவதுபோல அலை மங்கிவிடும். இப்படி ஓர் இடத்தில் வாழும் பிள்ளைக்கு "இந்த லிங்கைப் பாருங்கள், நாளைக்குக் கேள்வி கேட்பேன்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் என்ன நடக்கும்? பாடம் வந்து சேராது. செய்தி மட்டும்தான் வந்து சேரும்.

இணையத்தில் விஞ்ஞானத்துக்கும் புவியியல், வரலாறு, குடியியல் போன்ற சமூகக் கல்விப் பாடங்களுக்கும் அருமையான வளங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பல இலவசமானவை. சில தமிழிலும் உள்ளன. ஆனால் அவை முதலில் போய்ச் சேர வேண்டியது ஆசிரியரின் கைக்கு, பிள்ளையின் போனுக்கு அல்ல. ஆசிரியர் தேர்ந்தெடுத்து, தரவிறக்கி, நம் பாடத்திட்டத்தோடும் நம் ஊரோடும் பொருத்தி வகுப்புக்குக் கொண்டு வரும்போதுதான் இணையவளம் கல்வி வளமாகிறது. இதுவே எனது கருத்து. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் பழக்கம் தொடங்கியது. அப்போது வேறு வழியிருக்கவில்லை. தொலைக்காட்சியில் 'குரு கெதர' நிகழ்ச்சி நடந்தது. ஆசிரியர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் டேட்டா போட்டுப் பாடம் அனுப்பினார்கள். அந்த உழைப்பை நாம் மறக்கக் கூடாது. அதே காலத்தில், 2021இல், பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியாக நடந்து பாறை ஏறிப் படித்த செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. அதைப் பார்த்துப் பலர் பிள்ளைகளின் ஆர்வத்தைப் பாராட்டினார்கள். எனக்கோ அந்தப் படம் பெருமையைத் தரவில்லை. பாடத்துக்காகப் பிள்ளை பாறை ஏற வேண்டியிருந்தது என்றால், பாடம் பிள்ளையைத் தேடி வரவில்லை என்றுதானே பொருள்?

பாடசாலைகள் திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் லிங்க் அனுப்பும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. எல்லா ஆசிரியர்களும் அப்படி இல்லை. இருந்தாலும் பல வகுப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இரவு எட்டு மணிக்குப் பிறகும் நான்கைந்து லிங்குகள் வந்து விழுகின்றன. அவற்றைத் திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

பெண் பிள்ளைகளின் வீடுகளில் நிலைமை இன்னும் வேறு. எங்கள் வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். அது வாப்பாவிடம் இருக்கும். வாப்பா மிளகு, கராம்பு வாங்கி விற்பவர். விலை கேட்டு அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். இஷாவுக்குப் பிறகுதான் போன் வீட்டுக்கு வரும். அப்போது நானாவுக்கு ஒரு வேலை இருக்கும். அதற்குப் பிறகு தங்கச்சிக்கு, கடைசியில் எனக்கு. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதே வரிசைதான். வரிசையில் கடைசியாக நிற்பது பெரும்பாலும் பெண் பிள்ளை. இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. ஒரு போன் உள்ள வீட்டில் நான்கு பேருக்கு நான்கு பாடம் அனுப்பினால் யாரோ ஒருவர் கடைசியாகத்தான் நிற்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காணொளி 100 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்தால் 4,000 மெகாபைட், அதாவது ஏறக்குறைய 4 ஜிகாபைட் டேட்டாவுக்கு 40 குடும்பங்கள் பணம் கட்டுகின்றன. அதையே ஆசிரியர் ஒரு தடவை தரவிறக்கி வகுப்பில் போட்டுக் காட்டினால் 100 மெகாபைட்டோடு முடிந்துவிடும். அடுத்த வருடமும் அதே கோப்பு பயன்படும். 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி பெற்ற நாடு இது. 1980 முதல் பாடநூலும் இலவசமாகத் தரப்படுகிறது. நூலை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பாடத்தை டேட்டாவில் விற்பது எந்த வகையில் நியாயம்?

செலவு மட்டும்தான் பிரச்சினை என்றால் அதற்கு ஏதாவது வழி பார்த்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது நம் தமிழுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

தரம் 9 படிக்கும் என் தங்கச்சி ஒரு நாள் பயிற்சிக் கொப்பியோடு அழுதுகொண்டு வந்தாள். 'நிறை' என்பதற்கு அவள் கிலோகிராம் என்று அலகு எழுதியிருந்தாள். டீச்சர் அதைப் பிழை போட்டிருந்தார். "ராத்தா, வீடியோவில வந்த சேரும் தமிழ்லதானே சொன்னார்? நிறைக்கு அலகு கிலோகிராம் எண்டுதான் சொன்னார்" என்றாள். அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். அந்த ஆசிரியர் சொன்னது சரி. எங்கள் டீச்சர் போட்ட பிழையும் சரி. காணொளி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியது. அங்கே ஒரு பொருளில் உள்ள சடப்பொருளின் அளவை 'நிறை' என்கிறார்கள். புவி அதை இழுக்கும் விசையை 'எடை' என்கிறார்கள். நம் பாடநூலில் முதலாவது 'திணிவு', இரண்டாவதுதான் 'நிறை'. ஆகவே அங்கே நிறையின் அலகு கிலோகிராம். இங்கே நிறையின் அலகு நியூட்டன். 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவரின் நிறை நம் பாடத்தில் ஏறக்குறைய 600 நியூட்டன்.

இது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. நாம் 'கதி' என்பதை அவர்கள் 'வேகம்' என்கிறார்கள். நாம் 'வேகம்' என்பதை அவர்கள் 'திசைவேகம்' என்கிறார்கள். நம் 'ஆர்முடுகல்' அங்கே 'முடுக்கம்'. நம் 'கலம்' அங்கே 'செல்'. நம் 'ஒளித்தொகுப்பு' அங்கே 'ஒளிச்சேர்க்கை'. ஒட்சிசன், ஆக்சிஜன் போன்றவை பரவாயில்லை, ஓசையிலேயே புரிந்துவிடும். ஆபத்தானவை ஒரே சொல் இரண்டு பொருளில் வருபவை. நிறையும் வேகமும் அப்படிப்பட்டவை. புரியாத சொல் வந்தால் பிள்ளை யாரிடமாவது கேட்கும். புரிந்ததுபோல் இருக்கும் சொல் வந்தால் கேட்காமலே பிழையாகப் படித்துவிடும்.

இதனால் தமிழ்நாட்டு வளங்களைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீட்டுக் கட்டங்கள் அச்சிடப்பட்டுள்ளன. போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். 2019இல் கல்வித் தொலைக்காட்சியையே தொடங்கினார்கள். கோடிக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட அந்த வேலையில் நமக்கும் பயன்படக்கூடியது நிறைய உண்டு. ஆனால் "பிள்ளைகளே, இவர் நிறை என்று சொல்வது நம் திணிவு" என்று ஆரம்பத்தில் ஒரு வரி சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த ஒரு வரியைச் சொல்லும் காணொளி எங்கேயும் கிடையாது.

சரி, ஆசிரியர்கள் எடுத்து வரக்கூடிய வளங்கள் எவை? எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது நம் வீட்டு வாசலிலேயே இருப்பவை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் மூன்று மொழிகளிலும் இருக்கின்றன. மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகள் இருக்கின்றன. கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' தளத்தில் பாடவாரியாகப் பயிற்சிகளும் காணொளிகளும் உள்ளன. இவற்றின் பெரிய நன்மை, சொற்கள் எல்லாம் நம் பாடநூல் சொற்களாகவே இருப்பது.

இரண்டாவது விஞ்ஞானத்துக்கு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற பெயரில் செயல்முறைப் பாவனைகள் செய்து வைத்திருக்கிறார்கள். 2001இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் இதைத் தொடங்கினார். மின்சுற்று ஒன்றைத் திரையிலேயே இணைக்கலாம். மின்கலத்தைக் கூட்டினால் மின்குமிழ் பிரகாசிப்பதையும், தடையைக் கூட்டினால் ஓட்டம் குறைவதையும் கண்ணால் பார்க்கலாம். பல பாவனைகள் தமிழிலும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு தடவை தரவிறக்கினால் பிறகு இணையமே இல்லாமல் ஓடும். ஆய்வுகூடத்தில் அம்பியர்மானி ஒன்றே ஒன்று இருக்கும் பாடசாலைக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஆனாலும் ஒரு மின்குமிழும் இரண்டு மின்கலங்களும் கையில் இருந்தால் முதலில் அவற்றைக் கொண்டு செய்து காட்டுங்கள். கம்பி கழன்றால் விளக்கு அணையும் என்பதைக் கையால் செய்து பார்த்த பிள்ளை மறக்காது. திரை அதற்கு அடுத்தபடிதான்.

மூன்றாவது புவியியலுக்கு. கூகுள் ஏர்த்தை எடுத்துக்கொள்வோம். செய்மதிப் படத்தில் நம் ஊரைச் சாய்த்துப் பார்த்தால் மலைகள் எழுந்து நிற்கும். ரிவர்ஸ்டனை இப்படிப் பார்த்துவிட்டு 1:50,000 இடவிளக்கப் படத்தைப் பக்கத்தில் வைத்தால், நெருங்கி வரும் சமவுயரக் கோடு என்றால் செங்குத்துச் சரிவு என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். மாத்தளை நகரத்துக்கும் ரிவர்ஸ்டன் உச்சிக்கும் இடையே ஏறக்குறைய 1,000 மீற்றர் உயர வித்தியாசம் உண்டு. 1,000 மீற்றருக்கு ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் வெப்பநிலை குறையும் என்று பாடத்தில் படிக்கிறோம். பஸ்ஸில் ஏறி இறங்கும்போது ஏன் குளிர்கிறது என்பதற்கு அதுதான் விடை. உச்சியில் மேகம் தவழும் காடு, கிழக்கே இறங்க இறங்க உலர்ந்த காடு, நடுவில் பிட்டவல பத்தன என்ற புல்வெளி. பருவக்காற்றும் மழைநிழலும் எங்கள் பஸ் பாதையின் இரண்டு பக்கமும் கிடக்கின்றன. இந்த நக்கிள்ஸ் மலைத்தொடர், சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைச் சொத்தாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு மழைநிழல் பிரதேசத்துக்கு வேறு கண்டத்து உதாரணத்தை நாம் மனப்பாடம் செய்கிறோம்.

புவியியல் வளங்களில் இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்களைத் தயாரிக்கிறது. மழைக் காலத்தில் மண்சரிவு எச்சரிக்கைகளையும் வெளியிடுகிறது. மாத்தளையும் மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் ஒன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்புகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் இன்னொரு மலை சரிந்தது. எச்சரிக்கை ஒன்று படமாகவோ எழுத்தாகவோ வந்தால் அதை வாசித்துப் புரிந்து வீட்டாருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். மலைநாட்டு வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளையாகத்தான் இருப்பார். தரம் 10 வகுப்பில் ஒரு பாடவேளை இந்தப் படத்தை விரித்து, "இதில் உங்கள் வீடு எங்கே, சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் எந்த வழியாக இறங்கும்?" என்று கேட்டால் போதும். பரீட்சையில் அது எத்தனை புள்ளி பெற்றுத் தரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

நான்காவது வரலாற்றுக்கும் சமூகக் கல்விக்கும். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் என ஓர் இலட்சத்தைத் தாண்டிய ஆவணங்கள் இருக்கின்றன. முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் பாடசாலை மலர்களும்கூட அங்கே உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் நூலுக்கு என்ன நேரலாம் என்பதை அறிந்த சமூகத்துக்கு இந்த வேலையின் அருமை தெரியும். 1848 மாத்தளைக் கிளர்ச்சியைப் பாடநூலில் அரைப் பக்கத்தில் படிக்கிறோம். கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கிக் காடு வழியாக மாத்தளைவரை நடந்தே வந்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். ஆசிரியர் ஒருவர் பழைய கட்டுரை ஒன்றை அங்கிருந்து எடுத்து இரண்டு பக்கம் அச்சிட்டு வந்தால், அந்த ஒரு வரி ஒரு பாடவேளையாகும். அந்த வழியில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்களோடு அதே பஸ்ஸில் வருகிறார்கள்.

அதேபோல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தளத்தில் மாவட்டவாரியாக சனத்தொகை விபரங்கள் கிடைக்கும். பாடநூலில் உள்ள வரைபைப் பார்த்து வரைவதற்குப் பதிலாக, மாத்தளை மாவட்டத்தின் உண்மை எண்களை எடுத்துப் பிள்ளைகளே வரைபு போடட்டும். தன் ஊரின் எண்ணைத் தேடும்போது பிள்ளையின் கண் தானாகவே அட்டவணைக்குள் போகும்.

ஐந்தாவது, இணையமே இல்லாத இடத்துக்கு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள்ளன. 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் அது முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிப் பழைய மடிகணினி ஒன்றிலேயே வைத்துக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத பாடசாலையிலும் அது திறக்கும். எவரும் திருத்தி எழுதக்கூடியது என்பதால் அதில் உள்ள எல்லாம் சரி என்று எடுக்க முடியாது. அதுவே ஒரு பாடம்: "இந்தக் கட்டுரை சொல்வதைப் பாடநூலோடு ஒப்பிட்டு வாருங்கள்" என்று வேலை கொடுத்துப் பாருங்கள்.

உயிரியல் படிக்கும் மாணவி என்ற முறையில் இன்னும் ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். 'ஐநேச்சுரலிஸ்ட்' என்ற செயலியில் ஒரு செடியையோ பூச்சியையோ படமெடுத்துப் போட்டால் உலகில் எங்கோ இருக்கும் அறிஞர் அதன் இனத்தை அடையாளம் கண்டு சொல்கிறார். படத்தை மலையில் எடுத்துவிட்டுச் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து பதிவேற்றலாம். மூக்கில் இலை போன்ற உறுப்புள்ள ஓணான் ஒன்று நக்கிள்ஸ் மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதன் பெயர் தெரியாமலே இந்தப் பகுதியில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். பெற்றோர் கவலைப்பட வேண்டாம். பிள்ளைகள் தனித்தனியாகக் கணக்குத் திறக்கத் தேவையில்லை. ஆசிரியரின் ஒரே கணக்கில் வகுப்பே சேர்ந்து செய்யலாம். படமெடுத்த இடம் துல்லியமாகத் தெரியாதபடி மறைக்கும் வசதியும் அதில் உண்டு.

இதையெல்லாம் வாசிக்கும் ஆசிரியர் ஒருவர், "மகளே, பாடக்குறிப்பு, புள்ளிப் பதிவேடு, பரீட்சைத் தாள், கூட்டம், இத்தனைக்கும் நடுவில் இதற்கு நேரம் எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்றால் இது நடக்காத காரியம்தான். ஆகவே எனது யோசனை இது. வலயங்களில் ஆசிரியர் நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்க் போதும். தரம் 6 முதல் 11 வரை, அலகுவாரியாக, தமிழ் மொழிமூல ஆசிரியர்கள் பார்த்துச் சரி என்று ஏற்ற காணொளிகள், பாவனைகள், படங்கள், அட்டவணைகள் அதில் இருக்க வேண்டும். சொல் வேறுபாட்டுப் பட்டியல் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். ஆசிரியர் பென் டிரைவோடு வந்து தனக்கு வேண்டிய அலகைப் பிரதி செய்துகொண்டு போகலாம். ஒருவர் ஓர் அலகுக்கு ஒரு வளம் தந்தால் போதும். பத்துப் பேர் பத்து அலகை முடித்துவிடுவார்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காக மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். சொற்பட்டியலைத் தயாரிக்க, ஆங்கிலக் காணொளிக்குத் தமிழ் வரிகள் எழுத எங்களால் முடியும். ஆசிரியர் பார்த்துத் திருத்தினால் போதும். இணையத்தில் தேடும்போது ஆங்கிலத்தில் பத்தும் சிங்களத்தில் ஐந்தும் கிடைக்கும் அலகுக்குத் தமிழில் ஒன்றும் கிடைக்காமல் நான் பல தடவை கைவிட்டிருக்கிறேன். அந்தக் குறையை வெளியிலிருந்து யாரும் வந்து நிரப்பப் போவதில்லை.

இன்னொரு கேள்வியும் வரும். "எல்லாவற்றையும் ஆசிரியரே தேடிக் கொடுத்தால் பிள்ளைகள் எப்போது தாங்களாகத் தேடப் பழகுவார்கள்?" தேடப் பழகத்தான் வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போனால் எவரும் தேடித் தர மாட்டார்கள். ஆனால் நீந்தப் பழக்குபவர் பிள்ளையை முதல் நாளே ஆற்றின் நடுவில் இறக்கிவிடுவதில்லை. எது நம்பத் தகுந்தது, யார் எழுதியது, எந்த நாட்டுப் பாடத்திட்டம், எந்த ஆண்டுத் தகவல் என்ற நான்கு கேள்விகளை ஆசிரியர் வகுப்பில் கேட்டுக் காட்ட வேண்டும். அதைப் பல தடவை பார்த்த பிள்ளை பிறகு தானாகவே கேட்கும்.

அன்பான பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பெண் பிள்ளையின் கையில் போன் கொடுக்க நீங்கள் தயங்குவது எங்கள் மேல் உள்ள அக்கறையால் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் போன் வேண்டாம் என்பது இணையத்தில் உள்ள அறிவும் வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது. அப்படி ஆனால் நானாவுக்குக் கிடைப்பது தங்கச்சிக்குக் கிடைக்காது. ஆசிரியர் வகுப்பில் காட்டும் முறை வந்தால் உங்கள் பயமும் குறையும், எங்கள் படிப்பும் குறையாது. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது புள்ளியை மட்டும் கேட்காதீர்கள். "பாடசாலையில் கணினியும் திரையும் இருக்கின்றனவா? அவை வாரத்தில் எத்தனை பாடவேளை இயங்குகின்றன?" என்றும் கேளுங்கள். பூட்டிய அறைக்குள் தூசி படியும் இயந்திரங்களைத் திறக்க வைப்பதற்குப் பெற்றோரின் ஒரு கேள்வி போதும். கைத்தொழில் கண்காட்சிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் பணம் சேர்க்கும் நாம், ஒரு ஹார்ட் டிஸ்குக்கும் ஒரு ஒலிபெருக்கிக்கும் சேர்க்க முடியாதா?

சகோதரிகளே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நல்ல காணொளி ஒன்றைக் கண்டால் உடனே பத்துக் குழுக்களுக்கு அனுப்பாமல், முதலில் பாட ஆசிரியரிடம் காட்டுவோம். அதில் வரும் சொல்லுக்கு நம் பாடநூலில் என்ன சொல் என்று எழுதி வைப்போம். அந்தக் கொப்பி நமக்குப் பின்னால் வரும் தங்கச்சிமாருக்கு உதவும். என் கொப்பியில் இதுவரை 63 சொற்கள் சேர்ந்துள்ளன. முதல் சொல் நிறை.

எங்கள் ஆசிரியர்கள் யாராவது இந்த வருடமே இதைத் தொடங்க நினைத்தால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு பாடத்தில் ஓர் அலகு, ஒரு பென் டிரைவ், ஒரு பாடவேளை. தரம் 9இன் விசையும் நிறையும் என்றால் எனது கொப்பியைத் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.